பழத்திலிருந்து காய்ச்சும் இனிப்புப் பாகு: தமிழில் என்ன சொல்?

கோபியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கமுங்க. சமையல் கலைச்சொல் பட்டியலில் ஓர் இடம் காலியாகவே நிற்கிறது. பேரீச்சம்பழத்தை வேகவைத்து வடித்து, சர்க்கரை சேர்க்காமல் சாற்றை மட்டும் சுண்டக் காய்ச்சி எடுக்கும் பாகுக்கு நம்மிடம் பெயர் இல்லை. அரபியில் திப்ஸ், பாரசீகத்தில் ஷீரே. துருக்கியில் திராட்சையில் காய்ச்சினால் பெக்மெஸ். நாம் 'டேட்ஸ் சிரப்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். எந்தப் பழத்துக்கும் பொருந்துகிற சொல் வேண்டும். கனித்தேன் எனலாமா? எபிரேயத்தில் தெவஷ் என்ற ஒரே சொல் தேனுக்கும் பேரீச்சம்பாகுக்கும் வழங்குகிறது.

பொள்ளாச்சியிலிருந்து:

> கனித்தேன் எனலாமா?

காதுக்கு இனிமைதானுங்க, ஆனால் வேண்டாம். தமிழில் தேன் என்றால் தேனீ சேர்த்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த இடத்தில் இந்தப் பெயர் குழப்பும். பழப்பாகு போதும். வெல்லப்பாகு, கருப்பட்டிப்பாகு என்னும்போது முன்சொல்லே இனிப்பு எதிலிருந்து வந்தது என்று காட்டிவிடுகிறது.

கவுந்தப்பாடியிலிருந்து:

ஜாமைப் பழப்பாகு என்று எழுதுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஜாமில் பழச்சதை கிடக்கும், சர்க்கரையும் விழும். இதில் இரண்டும் இல்லை. செய்முறையைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் அரைக் கிலோ, வெந்நீர் ஒன்றேகால் லிட்டர். அரை மணி ஊறவிட்டு, சிறுதீயில் அரை மணி வேகவிட வேண்டும். மத்தால் மசிக்கலாம், மிக்ஸியில் அடிக்கக் கூடாது. அடித்தால் நார் பொடிந்து துணியில் இறங்கிவிடும், பாகு கலங்கியே நிற்கும். நனைத்த மல் துணியில் வடித்து, முறுக்கிப் பிழியாமல் தானாகச் சொட்ட விடுங்கள். சக்கையில் கால் லிட்டர் வெந்நீர் ஊற்றி இன்னொரு முறை வடித்தால் மிச்ச இனிப்பும் வந்துவிடும். வடித்த சாறு ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால் கசடு அடியில் படியும். மேல் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் விட்டால், காய்ச்சும்போது கசடு அடிப்பிடித்து மொத்தப் பாகும் கசந்துபோகும்.

அடிகனமான அகல எவர்சில்வர் பாத்திரம் நல்லது. ஈயம் பூசாத பித்தளை ஆகாது. பாதி வற்றும் வரை நல்ல தீ, பிறகு சிறுதீ.

பதத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கம்பிப் பதம் கரும்புச் சர்க்கரைக்கானது. பேரீச்சையில் பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். கம்பி இழுக்கட்டும் என்று காத்திருந்தால் கருகும், ஆறியதும் தார்போல இறுகும். வெறும் பாத்திரத்தை முன்பே எடை போட்டு வையுங்கள். பாகு மட்டும் 380 கிராமுக்கு வந்ததும், குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள். உடனே மூடினால் இன்னும் நீர் இருக்கிறது. மெல்ல மூடினால் இறக்கலாம்; அநேகமாக 340 கிராம் நிற்கும், அளவில் கால் லிட்டர். மூடவே மூடாவிட்டால் பதம் தாண்டிவிட்டது. கரைந்த இனிப்பின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவி இருந்தால், ஆறிய பாகில் அது 70 முதல் 72 பிரிக்ஸ் (நூற்றுக்கு இத்தனை பங்கு என்னும் அளவு) காட்ட வேண்டும்.

ஆக, ஜாமிலிருந்து இதைப் பிரிப்பது அந்தத் தெளிவுதான். நம்ம பக்கம் பதநீரைத் தெளுவு என்கிறோம், அந்த வேரிலேயே சொல் இருக்கிறது: தெளிபாகு.

தர்மபுரியிலிருந்து:

தெளிபாகு எனக்குச் சம்மதம். வினைத்தொகையாக அமைகிறது, வாயிலும் தடங்கல் இல்லை. பொதுவுக்குப் பழத்தெளிபாகு, தனித்தனியே திராட்சைத் தெளிபாகு, பேரீச்சந்தெளிபாகு. கருப்பஞ்சாறு, பனங்கற்கண்டு போல 'அம்' சாரியை இடையில் இயல்பாக வந்து சேர்கிறது.

விளக்கத்தில் 'சர்க்கரையற்ற' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சர்க்கரைதான். நீரிழிவுக்காரர் அந்தச் சொல்லை நம்பிக் குடித்தால் கெடுதல் நம்மால் வந்ததாகும். 'சர்க்கரை சேர்க்காதது' என்பதே சரி.

இன்னொன்று: இங்கே விளையும், உலராத மஞ்சள் நிறப் பேரீச்சையில் நீர் மிகுதி, மேலே சொன்ன அளவுகள் உலர்ந்து மெத்தென்ற பழத்துக்குத்தான் பொருந்தும். பாட்டிலில் அரைகுறையாக ஊற்றிச் சூட்டோடு மூடவும் கூடாது. மூடியில் வேர்க்கும் நீர் சொட்டி மேலடுக்கு நீர்த்துப்போகும், புளிப்பு அங்கேதான் தொடங்கும். முழுக்க ஆறியபின் மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கோபியிலிருந்து:

கனித்தேனை விட்டுவிடுகிறேன். மலைவாழையில் செய்தாலும் தெளிபாகுதானா?

கவுந்தப்பாடியிலிருந்து:

வாழையை வேகவைத்து மசித்தால், பழத்திலுள்ள பெக்டின் என்னும் பசைப்பொருள் நீரைப் பிடித்துக்கொள்ளும். துணியில் சாறு இறங்காது, அப்படியே கூழாக நிற்கும். அந்தப் பெக்டினை உடைக்கும் பெக்டினேஸ் நொதி போட்டுச் சாற்றைப் பிரித்துக் காய்ச்சினால் அது தெளிபாகு. நொதி இல்லாமல் கிளறியதை வாழைக்கூழ் என்றே பட்டியலில் போடுங்கள்.