மாம்பழத்துக்கு மஞ்சள், கொலுசுக்கு ஒன்றுமில்லை: கறுப்பு வெள்ளைப் படத்தில் கையால் நிறம் ஏற்றுவது பற்றி (சேலம் பக்கத்து நாலு பேர் பேச்சு, அவரவர் ஊர்ப் பெயரில்)

செவ்வாய்ப்பேட்டை:
தட்டில் ரெண்டு மல்கோவா, பக்கத்தில் சுருட்டி வைத்த வெள்ளிக் கொலுசு, பின்னால் பித்தளைச் செம்பு. சேலத்து வீடுகளில் இதைவிடச் சுலபமாகச் சேர்த்து வைக்கக்கூடிய படம் கிடையாது. நிறம் ஏற்ற உட்கார்ந்தால்தான் தெரியும், மூன்றுக்கும் மூன்று விதமான கை வேண்டும்.

முதல் தப்பு பேப்பரில். ஆர்சி பேப்பரில் (பிளாஸ்டிக் பூசிய போட்டோ பேப்பர்) ஆயில் கலர் நிற்காது, வழுக்கும். பிளாஸ்டிக் பூசாத ஃபைபர் பேப்பர், அதிலும் பளபளப்பில்லாத மேட் வாங்குங்க. இல்ஃபோர்ட் மல்டிகிரேட் எஃப்பி கிளாசிக்கில் மேட் வருகிறது. பிரிண்ட் கொஞ்சம் வெளுப்பாக, கான்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம்) அரை கிரேடு குறைவாக இருக்கட்டும். ஆயில் கலர் கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கிற கறுப்பை மறைக்காது. கும்மிருட்டு நிழலில் எவ்வளவு பூசினாலும் வீண்.

பூசுவதற்கு முன் டர்பன்டைனில் சில சொட்டு ஆளிவிதை எண்ணெய் கலந்து பஞ்சால் படம் முழுக்கத் துடைத்து, உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுத்துடணும். இதை விட்டால் நிறம் பேப்பர் மேலிருக்கிற ஜெலட்டின் பூச்சுக்குள் இறங்கித் திட்டுத் திட்டாகிவிடும், பிறகு எடுக்க முடியாது.

மாம்பழத்துக்குப் பாசிப்பயறு அளவு மஞ்சள் போதும். தென்னை ஈர்க்கில் பஞ்சு சுற்றி, வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து மெலிசாக்குங்க. அது ஈரமாக இருக்கும்போதே காம்புப் பக்கத் தோளில் சிவப்பைத் தொட்டுக் கலக்கணும், கீழ்ப்பக்கம் பச்சை. பளபளக்கிற வெள்ளைப் புள்ளியைச் சுத்தமான பஞ்சு நுனியால் துடைத்து வெளியே கொண்டு வாங்க. அதில் மஞ்சள் தங்கினால் பழம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிடும். நிழலில் கறுப்போ பிரவுனோ வேண்டாம். துளி ஊதா வைத்தால் மஞ்சள் தானாக அடங்கும்.

அஸ்தம்பட்டி:
அண்ணே, ஆயில் பூசுவதற்கு முன் செய்கிற செபியா டோனை (படத்தைப் பிரவுனாக மாற்றுவது) விட்டுட்டீங்க. சாம்பல் மேல் மஞ்சள் பூசினால் பச்சைச் சாயல் அடிக்கும், பழம் காயாகத் தெரியும். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, பொட்டாசியம் புரோமைடு தலா 10 கிராம், 1 லிட்டர் தண்ணீரில். படம் மஞ்சளாக வெளுத்ததும், தண்ணீரில் மஞ்சள் வருவது நிற்கும் வரை கழுவி, சோடியம் சல்ஃபைடு கரைசலில் போட்டால் பிரவுன் ஏறும். அழுகிய முட்டை நாற்றம் வரும், மொட்டை மாடியில் செய்யுங்க. டார்க்ரூமுக்குள் செய்தால் அந்த ஆவியே பயன்படுத்தாத பேப்பரில் மூட்டம் மாதிரி சாம்பல் படர வைக்கும். ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது, சேர்ந்தால் விஷவாயு.

செவ்வாய்ப்பேட்டை:
பழத்துக்கும் செம்புக்கும் ஒத்துக்கறேன். முழுப் படத்துக்கும் கூடாது, தம்பி. கொலுசு செபியாவானால் கவரிங் நகை. பிரிண்ட்டை நனைத்து, மேல் ஈரத்தை ஒற்றி, ப்ளீச்சை, அதாவது அந்த ஃபெர்ரிசயனைடு கரைசலை, தூரிகையால் பழத்துக்கும் செம்புக்கும் மட்டும் வையுங்க. ஓரத்துக்கு ஒரு நூல் உள்ளேயே நிறுத்தணும், மிச்சத்துக்கு அதுவே பரவிப் போய்ச் சேரும்.

ஏற்காடு:
மேலே இங்கே சேலத்துக் கணக்கு செல்லாது. கீழே மெல்லிய பூச்சு ரெண்டு மூன்று நாளில் காயும். மலையில் ஐப்பசி மூட்டத்தில் ஒரு வாரம் ஆனாலும் விரலில் ஒட்டும். காயாத பூச்சு மேல் அடுத்ததைத் தேய்த்தால் அடியில் இருப்பதும் சேர்ந்து பெயர்ந்து வரும். மரப்பெட்டியில் 40 வாட் குண்டு பல்பு, படத்திலிருந்து ஓரடி தள்ளி, மேலே காற்றுப் போக ஓட்டை. அதுக்கு மேல் சூடு வைத்தால் பேப்பர் சுருண்டுக்கும். காய்ந்த படத்தைச் சிலிக்கா ஜெல்லோடு வையுங்க. ஜெலட்டின் பூஞ்சைக்கு விருந்து.

குகை:
ஆயில் இல்லாமல் தண்ணீர்ச் சாயம் பூசுகிறவர்களுக்கு: போர் தண்ணீர் வேண்டாம். உலர்ந்ததும் வெள்ளையாக உப்புப் படரும். பேட்டரிக்கு ஊற்ற விற்கிற டிஸ்டில்டு வாட்டர் போதும். படத்தை ஈரமாக்கி, ஒற்றி, டீ டிகாக்ஷனைவிட வெளிறிய கரைசலில் நாலைந்து தடவை ஏற்றுங்க. ஒரே தடவையில் அடர்த்தியாக வைத்தால் ஓரத்தில் கரை கட்டும். ஆயிலைத் துடைக்கலாம், சாயம் இறங்கினால் இறங்கியதுதான். வெயில் படுகிற சுவரில் மாட்டினால் அதுவும் நிற்காது.

அஸ்தம்பட்டி:
கொலுசுக்கு என்னதான் நிறம் வைக்கறதுங்க? நீலம் வைத்தால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கு.

செவ்வாய்ப்பேட்டை:
ஒன்றும் வைக்காதீங்க. வெள்ளிக்குச் சொந்த நிறம் கிடையாது. பழத்தைப் பார்த்திருக்கிற கண்ணிகளில் மட்டும், பழத்தைத் துடைத்த அதே அழுக்குப் பஞ்சால் ஒரு ஒற்று. செம்புப் பக்கம் திரும்பிய சலங்கைகளில் செம்பின் பிரவுன், குண்டூசி முனை அளவு. திருகாணியைத் தொடவே வேண்டாம். மஞ்சள் தவறி ஏறிவிட்டால் பல்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, டர்பன்டைனில் தொட்டு, பிழிந்த பிறகு எடுங்க. சொட்டினால் பழத்து ஓரமும் சேர்ந்து போகும்.