குஞ்சுகளுக்குக் கரி இல்லாமல் சூடு கொடுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பல்லடம் பக்கம் 5,000 கறிக்கோழி வளர்க்கிறேன். குஞ்சு இறங்கும் முதல் வாரம் 32 முதல் 34 டிகிரி சூடு வேண்டும். இதுவரை மண்சட்டியில் கரிதான். மார்கழியில் விடியக்காலை மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் சட்டி அணைந்து, குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். புகை வேறு, எனக்கே கண் எரிகிறது, குஞ்சுக்குக் கேட்கவா வேண்டும்?

சாண எரிவாயுவில் புரூடர் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் அடுப்பு) எரிக்கலாம் என்று யோசனை. மாடு நான்கு இருக்கிறது. கோழி எருவை மட்டும் போட்டால் அம்மோனியா ஏறி வாயு குறையும், சரி. சாணத்தோடு என்ன அளவில் கலக்கிறீர்கள்? கொட்டகைத் தரையில் விரிக்கும் தென்னை நார்க்கழிவு கலந்த எரு, எரிவாயுக் கலனை அடைக்குமா? சிலிண்டர் கேஸ் புரூடரின் ஜெட் துளை (வாயு வெளிவரும் துளை) சாண எரிவாயுவுக்குச் சிறியது. எவ்வளவு பெரிதாக்க வேண்டும்? அடுத்த பேட்ச் ஐப்பசிக் கடைசியில் இறங்குகிறது.