கொலுசுச் சத்தம் நின்றது: தண்ணீர் பக்கம் போன நம் பிள்ளைகள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

திருவையாறு அம்மா

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

நாத்தனார் பையனுக்குக் காதுகுத்து. குடமுருட்டிக் கரையில் மாமியார் வீடு. அன்று வீட்டில் நாற்பது பேருக்குக் குறையாது. என் மகளுக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். நடக்க ஆரம்பித்ததிலிருந்தே முத்து வைத்த கொலுசு போட்டிருந்தோம். எந்த அறையில் இருக்கிறாள் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். வாசலுக்கு எதிரே ஆறு என்பதால் திண்ணையில் பெரியவர்கள் யாராவது உட்கார்ந்தபடியே இருந்தார்கள். எல்லோருக்கும் பயம் ஆற்றின் மேல்தான்.

கொல்லையைப் பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை. அங்கே மாட்டுக்குக் கழுநீர் ஊற்றும் சிமெண்ட் தொட்டி ஒன்று உண்டு. பாதி தரைக்குள் இறக்கிக் கட்டியது, என் முழங்கால் உயரம்கூட வராது. காலையில் ஊற்றிய கழுநீரும் தவிடுமாக ஒரு சாண் இருந்திருக்கும்.

நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கொலுசுச் சத்தம் நின்றது எனக்குத் தெரிந்தது. அதைத்தான் என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை. நின்றது தெரிந்தும், யாரோ தூக்கிக்கொண்டார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு காய் நறுக்கினேன். அப்புறம், "பாப்பா யார்கிட்ட?" என்று கேட்டேன். "அத்தைகிட்ட" என்றார் ஓரகத்தி. அத்தையோ, "ஒங்கிட்டதானம்மா வந்தா?" என்றார்.

அண்டா எடுக்கக் கொல்லைக்குப் போன பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்தார். தலை உள்ளே, கால் மேலே. இரண்டு காலையும் பிடித்து இழுத்துத் தூக்கினார். அலறல் இல்லை, தண்ணீர் தெறிக்கிற சத்தம்கூட இல்லை. தூக்கியதும் இருமினாள், வாந்தி எடுத்தாள், அப்புறம் வீறிட்டு அழுதாள். இமை மயிர் ஒவ்வொன்றிலும் தவிடு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க அதைத்தான் துடைத்துக்கொண்டு போனேன். ஓர் இரவு வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

அன்று சாயந்திரம் உறவில் ஒரு பெரியவர், "பெத்தவ கவனிக்க வேணாமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவளும் நானும் தனியாக இருந்த நாட்களில் ஒருநாள்கூட அவள் என் கண்ணை விட்டுப் போனதில்லை. நாற்பது பேர் இருந்த அன்றைக்குத்தான் போனாள். இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

இரண்டு பிள்ளைகளின் அப்பா, ஈரோடு

அம்மா, அந்தப் பெரியவர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்படியும் நடந்தது.

போன வருடம் மே மாதம் கொடிவேரி. பவானி ஆறு தடுப்பணை மேல் வழிந்து விழுகிற இடம், எங்கள் பக்கத்துக் குடும்பங்களெல்லாம் லீவில் போவது அங்கேதான். நான்கு வயது மகள் தண்ணீரில் நிற்க, நான் நாலடி தள்ளி நின்று மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் அவள் முகம் மேலே பார்த்தபடி இருந்தது. வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பாறைக்குழியில் கால் இறங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த என் மச்சான் எட்டிப் பிடித்துத் தூக்கினான்.

அந்த வீடியோவை அழிக்கவில்லை. 14 விநாடி. கையை ஆட்டிக் கூப்பிடவில்லை, "அப்பா" என்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்குவதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். சினிமாவில் காட்டுவதுபோல் கத்திக் கையை அடித்துக்கொள்வார்கள் என்று நம்பியிருந்தவன் நான். இப்போது தண்ணீர் பக்கம் போனால் மொபைல் காரிலேயே இருக்கும்.

குழந்தைகள் வார்டு செவிலியர்

மேலே இரண்டு பேரும் எழுதியதைத்தான் நாங்கள் வார்டில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "சத்தமே வரலையே சிஸ்டர்" என்பார்கள். வராது. மூச்சு இழுக்கவே வாய் போதாதபோது கத்த எங்கே முடியும்? அதோடு ஒன்று இரண்டு வயதுக் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலைதான் கனம். வாளியில் எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் நிமிர்ந்து எழக் கையில் வலு கிடையாது. ஒரு சாண் தண்ணீர் ஆபத்துக்குத் தாராளம். குளிக்கிற டப், துணி ஊறவைத்த வாளி, மழைக்குப் பின் திறந்து கிடக்கும் ட்ரம், எதையும் தண்ணீர்தானே என்று விடாதீர்கள். வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. வங்கதேசக் கிராமங்களில் இந்தச் சாவுகள் பெரும்பாலும் காலை நேரத்தில், அம்மா சமையலிலும் வெளிவேலையிலும் இருக்கும்போது நடப்பதைக் கவனித்து, காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை சின்னப் பிள்ளைகளை ஒரே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 'ஆஞ்சல்' என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். சாவு நன்றாகவே குறைந்தது. நம் ஊர் பால்வாடி மாதிரிதான். ஆறு, குளம் பக்கத்தில் குடியிருப்பவர்கள், பிள்ளை படிக்கப் போகிறதோ இல்லையோ, இந்த ஒரு காரணத்துக்காகவே அங்கன்வாடிக்கு அனுப்பலாம்.

இனி நான் எழுதப்போவதைத் தயவுசெய்து வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். குழந்தையைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள். தோளில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள், வாந்தி வந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உப்புக் குவியலில் படுக்க வைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது சுத்தப் பொய். அதையெல்லாம் செய்கிற நேரத்தில் மூளைக்குக் காற்று இல்லாமல் போகிறது.

மூச்சு இல்லையென்றால் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெற்றியைப் பிடித்துத் தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, முகவாயைத் தூக்குங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். கைக்குழந்தையானால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி மெதுவாக ஊத வேண்டும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு ஏறுகிறதா என்று பாருங்கள். அப்படியும் அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடு எலும்பில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று விடாமல் செய்யுங்கள். நெஞ்சு மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும், நிமிடத்துக்கு 100லிருந்து 120 என்கிற வேகம். கூட இருப்பவர் 108ஐக் கூப்பிடட்டும். நீங்கள் தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். நீரில் மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது காற்று. அதனால்தான் அழுத்துவதற்கு முன்னால் ஊதச் சொல்கிறேன்.

பிழைத்துவிட்டது, சிரிக்கிறது என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். திருவையாறு அம்மா செய்ததுதான் சரி. நுரையீரலுக்குள் போன தண்ணீரின் வேலை சில மணி நேரம் கழித்துத் தெரியலாம்.

அண்ணாநகர் குடித்தனம்

எங்கள் அடுக்ககத்தில் சம்ப், அதாவது தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் லாரி வந்து குழாயை இறக்கியதும் மூடி அரை மணி நேரம் திறந்தே கிடக்கும். பக்கத்து போர்ஷன் மூன்று வயதுப் பையன் அதில் பந்தை எட்டிப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்ததைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் விழுவான் என்று கூப்பிடவும் பயம். இரண்டு மாடி எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. இப்போது மூடிக்குக் கீழே கம்பி வலை போட்டுவிட்டோம், குழாய் நுழைகிற ஓட்டை மட்டும் உண்டு. சாவி இருப்பது வாட்ச்மேன் அண்ணனிடம் மட்டுமே.

ஓய்வு பெற்ற ஆசிரியர், முசிறி

நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டால் பயமில்லை என்று இங்கே யாராவது எழுதுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியவன் நான். ஆறு வயதுக்குக் கீழே யாரையும் இறக்கியதில்லை. அதற்குக் கீழே இருப்பதுகள் கையைக் காலை அடிக்கும், ஆனால் ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது.

என்னிடம் பழகிய ஒரு பையன், பதினோரு வயது, கிணற்றில் மீன் மாதிரி போவான். காவிரியில் போனான். கிணற்றுத் தண்ணீர் நிற்கும், ஆற்றுத் தண்ணீர் இழுக்கும். மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கிற ஆறு இது. கணுக்காலளவு தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடியில் ஆள் முழுகும். போன மாதம் நீங்கள் குளித்த அதே துறையில் இந்த மாதம் மடு விழுந்திருக்கும். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். அணை 120 அடியைத் தொட்டுவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே வெளியே விட வேண்டியதுதான். குடகில் பெய்த மழைக்கு, ஒரு தூறல்கூட இல்லாத எங்கள் ஊரில் தண்ணீர் ஏறும். ஆடிப்பெருக்கு அன்றைக்குத் துறையில் தடுப்புக் கட்டி வைத்தால் அதைத் தாண்டிப் போய்ப் பிள்ளையை முழுக்காட்டாதீர்கள். செம்பில் மொண்டு தலையில் ஊற்றினாலும் காவிரி காவிரிதான்.

இன்னொன்று. ஒருவர் தவிக்கிறார் என்று அடுத்தவர் குதித்து, இரண்டு பேரும் போன கதை கரையில் இருக்கிற எல்லா ஊரிலும் உண்டு. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் துணி துவைக்க வந்த மூன்று பெண்கள், மூழ்கிக்கொண்டிருந்த நான்கு பேருக்குத் தாங்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள், இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் செய்தது நூற்றுக்கு நூறு சரியான காரியம். சேலை, துண்டு, மூங்கில், மூடி போட்ட காலி கேன் என்று எது கிடைத்தாலும் நீட்டுங்கள், வீசுங்கள். கரையில் படுத்துக்கொண்டு இழுங்கள், இல்லாவிட்டால் அவர் உங்களை உள்ளே இழுத்துவிடுவார். அந்தப் பையனின் அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் அவரும் இருந்திருப்பார். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அம்மம்மா

எங்களிட்டை வற்றாத ஆறு கிடையாது, குடாநாடு முழுக்கக் கிணறுதான். இடம்பெயர்ந்து பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது எங்கள் வளவு ஒரே பற்றை. வீட்டுக் கிணறு எங்கே என்று எனக்குத் தெரியும். பக்கத்து வளவுத் தோட்டக் கிணறு எனக்குத் தெரியாது. அதற்குக் கட்டும் இல்லை, வாய் முழுக்கக் கொடி படர்ந்து தரை மாதிரியே கிடந்தது. பேரன் பட்டம் அறுத்துக்கொண்டு போனது என்று பின்னாலே ஓடினான். கொடி அவனைத் தாங்கிக்கொண்டது. மார்பளவு இறங்கிப்போய் நின்றான். நான் குப்புறப் படுத்து என் சேலைத் தலைப்பைத்தான் கொடுத்தேன். முசிறி ஐயா எழுதினதை வாசிக்கேக்கை அந்த நேரம்தான் நினைவுக்கு வந்தது.

காணிச் சொந்தக்காரர் வெளிநாட்டில். போன் பண்ணிச் சொன்னோம், காசு அனுப்பினார், அயலில் உள்ளவர்கள் சேர்ந்து இடுப்புயரத்துக்குக் கட்டு எழுப்பினோம். அதுவரைக்கும் பனை மட்டையால் வேலி அடைத்து வைத்தோம். பராமரிக்க ஆள் இல்லாத கிணறு உங்கள் ஒழுங்கையிலும் இருக்கும். பெரியவர்கள் ஒருக்கா நடந்துபோய்ப் பாருங்கோ.

திருவையாறு அம்மா

எல்லோருக்கும் நன்றி. செவிலியர் அக்கா எழுதியதைப் பிரிண்ட் எடுத்து அடுக்களைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

நாங்கள் செய்ததையும் சொல்கிறேன். மறுநாளே மாமனார் அந்தத் தொட்டிக்குள் மண்ணைக் கொட்டி நிரப்பிவிட்டார். மாமியார் அதில் கீரை போட்டிருக்கிறார். மாட்டுக்கு இப்போது அன்னக்கூடையில்தான் கழுநீர், குடித்ததும் கவிழ்த்துவிடுவார்கள். கொல்லைக் கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள்.

அப்புறம் ஒரு சிவப்புத் துண்டு. கூட்டம் கூடுகிற நாளில் அது யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அவருக்கு அடுப்பு வேலை கிடையாது, போன் கிடையாது, அரட்டையும் கிடையாது. அரை மணிக்கு ஒருமுறை கை மாற்ற வேண்டும். மாற்றும்போது கொடுப்பவர், "கொடுத்துட்டேன்" என்றும் வாங்குபவர், "வாங்கிக்கிட்டேன்" என்றும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் செல்லாது. முதலில் எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். என் கணவர் சாப்பிட உட்காரும்போது துண்டை யாரிடம் கொடுப்பது என்று சுற்றிலும் பார்த்தார். அன்றைக்கு என்னைக் கேட்ட அதே பெரியவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினார். "வாங்கிக்கிட்டேன்" என்று கொல்லைவரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். தோளில் போட்டுக்கொண்டு, கொலுசுச் சத்தத்துக்குப் பின்னாலேயே போனார்.