புதுப்பிப்பு: மி-8 கிட் மி-17 ஆகிவிட்டது

மி-8 ஹெலிகாப்டரின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாதிரி கிட்டை (பாகங்களை ஒட்டிச் செய்வது), மி-24 கிட்டில் மிஞ்சிய பாகங்களை வைத்து மி-17 ஆக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிந்தது. வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மி-17, மி-24 இரண்டுக்கும் டிவி3-117 எஞ்சின்தான், மி-24இன் தூசி வடிகட்டிகளையே போடலாம் என்ற யோசனைதான் கைகொடுத்தது. மி-8ஐவிட மி-17இல் எஞ்சின் மூடி குட்டை. கதவின் நடுப்பகுதியோடு முடியும்படி வெட்டிவிட்டு ஒட்டினேன். அப்புறம் வால் சுழலியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றினேன்.

எதிர்பாராத சிக்கல் வலப்பக்கப் பழைய துளையில் வந்தது. துளையை அடைத்த புட்டி (நிரப்பும் பசை) காய்ந்ததும் உள்வாங்கிப் பள்ளம் விழுந்தது. அதைச் சுரண்டிவிட்டு, கிட்டில் பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்திலிருந்து வெட்டிய குச்சியைச் செருகித் திரவப் பசை விட்டேன். ஒரே பிளாஸ்டிக் என்பதால் இளகிச் சேர்ந்துகொண்டது. நன்றாகக் காயவிட்டுத் தேய்த்தால் பிரைமருக்கு (அடிப்பூச்சு) அடியில் தடமே தெரியவில்லை.