சிறார் நீதிக்கு வரும் நிதி: யார் கையில் இருக்க வேண்டும்?

முன்னாள் ஆற்றுப்படுத்துநர்:
சிறார் நீதிக்காக ஒன்றிய அரசு தரும் நிதியில் ஒரு பங்கையாவது மாவட்டத்தின் விருப்பத்துக்கு விட வேண்டும். எதற்குச் செலவிடுவது என்பதை அங்கே இருப்பவர்கள் தீர்மானிக்கட்டும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒன்றில் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தவள் நான். குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 100 ரூபாய்க்கு 60 ஒன்றிய அரசு, 40 மாநில அரசு. எந்தப் பதவிக்கு எவ்வளவு சம்பளம், இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு என்பதெல்லாம் டெல்லியிலேயே எழுதப்பட்டு வருகிறது. நாங்கள் கட்டத்தை நிரப்புவோம்.

18 வயது நிரம்பாதவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் வராந்தாவில் ஒரு தாயைப் பார்த்தேன். மகன் மீது இருசக்கர வாகனத் திருட்டு வழக்கு. முதல் முறை கொண்டுவரப்பட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, அதுவரை வந்துபோன பஸ் டிக்கெட்டுகளை என் கையில் வைத்தார். வியர்வையில் எழுத்து அழிந்துபோயிருந்தது. "ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலியும் போகிறதம்மா" என்றார். அந்தப் பயணச் செலவைக் கொடுக்க எங்கள் நிதி ஒதுக்கீட்டில் ஒரு செலவுத் தலைப்பு இல்லை. அதே ஆண்டு வேறொரு தலைப்பில் பணம் மிஞ்சித் திரும்பிப் போனது.

தணிக்கைக்காரன்:
அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. தீர்வுதான் தவறு. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுப்பாடில்லாமல் மாவட்டத்துக்குப் போன பணம் எப்படிச் செலவாகும் என்று பார்த்திருக்கிறேன். மார்ச் மாதக் கடைசியில் ஒரு விழிப்புணர்வு முகாம், ஒரு பந்தல், ஒரு பேனர், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. பிள்ளைக்கு என்ன போனது என்று தேடினால் பிஸ்கட் பாக்கெட் ரசீது கிடைக்கும்.

சிறார் நீதிச் சட்டம் சரியாக நடைமுறைக்கு வரவில்லை என்று தொடுத்த சம்பூர்ணா பெஹுரா வழக்கில் 2018 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். பதவிகள் காலியாகக் கிடப்பதும், கொடுத்த பணம் செலவாகாமல் கிடப்பதும் அதில் இருக்கிறது. பணம் இருந்தும் செய்யாதவர்களிடம் இன்னும் தாராளமாகப் பணம் கொடுத்தால் என்ன மாறும்?

கருப்பங்கி:
இருவரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த ஒன்பது மாதம்தான் உறுத்துகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவுதானே? அதற்கு அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு. அதனால் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி அது சிறு குற்றம். பிரிவு 14 என்ன சொல்கிறது? முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு அத்தோடு முடிவுக்கு வந்துவிடும். ஆறு மாதம் கடந்த பிறகும் அந்தத் தாய் வராந்தாவில் ஏன் உட்கார்ந்திருந்தார்? ஒரு பக்க மனுவை யாராவது போட்டிருந்தால் போதுமே!

முன்னாள் ஆற்றுப்படுத்துநர்:
போட வேண்டியவர் எங்கள் அலகின் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர். அந்த நாற்காலி ஓர் ஆண்டுக்கு மேல் காலியாக இருந்தது.

தணிக்கைக்காரன்:
நான் சொன்னதும் அதுதானே! அந்தப் பதவிக்குச் சம்பளம் ஒதுக்கியாகிவிட்டது. ஆளைப் போடவில்லை. மாவட்டத்துக்குச் சுதந்திரம் கொடுத்திருந்தால் மட்டும் நாற்காலி நிரம்பியிருக்குமா?

முன்னாள் ஆற்றுப்படுத்துநர்:
நிரம்பியிருக்கும் ஐயா. இரண்டு முறை விளம்பரம் கொடுத்தோம். மாதம் 27,804 ரூபாய், ஒப்பந்தப் பணி, நிரந்தரமாக்கக் கோர முடியாது என்று அடியில் ஒரு வரி. சட்டம் படித்த யார் வருவார்? நேர்காணலுக்கு ஒருவர்தான் வந்தார், அவரும் நியமன ஆணையை வாங்க வரவில்லை. ஐந்தாயிரம் கூட்டிக் கொடுக்க மாவட்டத்துக்கு அதிகாரம் இருந்திருந்தால் அவர் வந்திருப்பார். ஆற்றுப்படுத்துநருக்கு 18,536. நானும் அதனால்தான் விலகினேன். பிள்ளைகளை விட்டுப் போகிறோமே என்று அழுதுகொண்டே விலகினேன்.

மளிகைக்கடை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 16 வயதுப் பையன் ஒருவன் என் கடையின் பூட்டை உடைத்தான். அவனுக்கு ஆலோசனை, வக்கீல், சாப்பாடு எல்லாம் அரசு செலவு. என் உடைந்த கல்லாவுக்கு யாரும் ஒரு பைசா தரவில்லை. இப்படிப்பட்டவர்களை இல்லத்தில் வைத்துக் கண்டிப்பாக வளர்ப்பதை விட்டு, அவன் அம்மாவுக்குப் பஸ் காசு கொடுப்பதா நீதி?

முன்னாள் ஆற்றுப்படுத்துநர்:
உங்கள் கோபத்தை நான் தவறாகவே நினைக்க மாட்டேன். ஆனால் இல்லத்துக்குள் என்ன நடக்கும் என்பதையும் பாருங்கள். விசாரணை முடியும்வரை சிறார்களை வைத்திருக்கும் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசியில் 17 வயதுச் சிறுவன் இறந்தான். அவன் மீது இருந்தது திருட்டு வழக்கு. இல்லப் பணியாளர்களே கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்த பின்னணி இதுதான். கண்டிப்பு என்று நாம் கேட்பது அங்கே போய் என்னவாக மாறுகிறது பாருங்கள். பையன் வெளியே, வீட்டில் இருந்தபடியே உங்கள் கடைக்கு வந்து வேலை செய்து நட்டத்தை ஈடுகட்ட வைக்கவும் ஆள் வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 18-இல் சமூக சேவைக்கு உத்தரவிட இடம் இருக்கிறது. உத்தரவு போட்டால் கூடவே நின்று பார்க்க யார் இருக்கிறார்கள்?

கருப்பங்கி:
அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1990களில் ஒரு வழி கண்டார்கள். மாநில அரசு உள்ளூர் சிறார் நீதிமன்றங்களுக்குப் பணம் கொடுத்தது. பையனை மாநில விடுதிக்கு அனுப்பினால் அந்தச் செலவு அவர்கள் பங்கில் கழியும். ஊரிலேயே வைத்துத் திருத்தினால் பணம் அவர்களிடமே மிஞ்சும். விடுதிக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நிதியைக் கொடுக்கும் முறைதான் முக்கியம்.

தணிக்கைக்காரன்:
நல்ல யோசனைதான், ஆனால் எனக்கு ஓர் அச்சம் உண்டு. எண்ணிக்கை குறைந்தால் பணம் என்றால், வழக்கே பதியாமல் காவல் நிலையத்திலேயே நான்கு அடி அடித்து அனுப்பிவிடுவார்கள். ஏட்டில் எல்லாம் சுத்தமாக இருக்கும். அந்தப் பையனுக்கு வக்கீலும் கிடையாது, குழுமமும் கிடையாது. அதற்கு என்ன காவல் வைப்பீர்கள்?

கருப்பங்கி:
ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் முழுப் பதில் இல்லை. சட்டம் சொல்லும் குழந்தை நலக் காவல் அலுவலர் அந்த வேலையை மட்டும் பார்த்தால் பாதி அச்சம் தீரும். இப்போது அவரே பந்தோபஸ்துக்கும் போகிறார்.

தணிக்கைக்காரன்:
அம்மா, என் பிடிவாதத்தை ஓரளவு தளர்த்துகிறேன். சம்பளத்தைக் கூட்டவும் பயணச் செலவுக்கும் மட்டும் மாவட்டத்துக்கு உரிமை கொடுக்கலாம். ஒவ்வொரு மாதக் கணக்கும், பிள்ளைகள் பெயர் இல்லாமல், குழுமத்தின் வாசலில் ஒட்டப்பட வேண்டும். முகாமுக்கும் பேனருக்கும் ஒரு பைசா கூடாது. சம்மதமா?

முன்னாள் ஆற்றுப்படுத்துநர்:
முழுச் சம்மதம்.

மளிகைக்கடை:
அந்த வண்டித் திருட்டுப் பையன் என்ன ஆனான்?

முன்னாள் ஆற்றுப்படுத்துநர்:
பதினோராம் மாதம் வழக்கை முடித்தார்கள். அதற்குள் பள்ளியில் பெயரை அடித்துவிட்டார்கள். திரும்பச் சேர்க்கலாம் என்று என் சொந்த வண்டியில் இரண்டு முறை போனேன். முதல் முறை தாய் மட்டும் இருந்தார், அடுத்த வாரம் கூட்டி வருவதாகச் சொன்னார். இரண்டாம் முறை வீடு பூட்டியிருந்தது. திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த மில் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.