அனைத்துக்கும் ஒரே ரிமோட்: பார்வை மங்கிய அப்பாவின் கைக்கு ஏற்றபடி பொத்தான்களை அமைப்பது எப்படி?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 74. கிளாக்கோமாவினால் பார்வையின் ஓரங்கள் போய்விட்டன. நேரே இருப்பது மட்டும் ஓரளவு தெரியும். மாலையில் கச்சேரி கேட்பதும் இரவில் ஒரு பழைய படம் பார்ப்பதும்தான் அவருடைய பொழுது. கூடத்தில் டிவி, அதனுடன் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் இணைப்பு) வழியே இணைந்த, ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவர், டிடிஎச் செட்டாப் பாக்ஸ், புளூரே பிளேயர், ஸ்ட்ரீமிங் ஸ்டிக் என்று ஐந்து கருவிகளும் அவற்றுக்கு ஐந்து ரிமோட்டுகளும் உள்ளன. எந்த ரிமோட் எதற்கு என்று தடவித் தடவித் தேடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், நான்கு மாதங்களுக்கு முன்பு எல்லாவற்றுக்குமான ஒரே ரிமோட் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அதில் 49 பொத்தான்கள் இருக்கின்றன. செட்டாப் பாக்ஸுக்கான பொத்தான்களைப் பழைய ரிமோட்டிலிருந்து கற்கவைத்தேன், அதாவது பழையதை எதிரே பிடித்து அழுத்தி அதன் சமிக்ஞையைப் புதியதில் பதியவைத்தேன்; மற்றவற்றுக்குக் கருவி வாரியாக ரிமோட்டிலேயே உள்ள பட்டியலின் குறியீடுகளைப் பயன்படுத்தினேன்.

இப்போது அவர் பழைய ஐந்தையே திரும்பக் கேட்கிறார். "டிவி பார்" என்று நான் அமைத்துக் கொடுத்த பொத்தானை அழுத்தினால் பல நாள் படம் மட்டும் வருகிறது, ஒலி வருவதில்லை. மீண்டும் அழுத்தினால் ரிசீவர் எழுந்துகொள்கிறது, டிவி அணைந்துவிடுகிறது. சேனல் எண் 121 சரியாக வருகிறது. ஆனால் 112 என்று அழுத்தினால் பெட்டி அதை 12 என்றே எடுத்துக்கொள்கிறது. ஸ்டிக் இந்த ரிமோட்டைக் கண்டுகொள்வதே இல்லை. இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது, "பேக்" பொத்தானுக்கு நேர் மேலே அதே அளவில், அதே வடிவில் "இன்புட்" பொத்தான் (எந்தக் கருவியின் படத்தை டிவி காட்ட வேண்டும் என்று மாற்றுவது) இருப்பதுதான். ஒரு படி பின்னால் போக நினைத்து அவர் இன்புட்டை அழுத்திவிடுகிறார். திரை கறுத்ததும் மின்சாரம் போய்விட்டது என்று எண்ணிச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். மின்விசிறி சுற்றும் ஒலி காதில் விழுந்த பிறகுதான் ரிமோட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று என்னை அழைக்கிறார்.

பேட்டரிகளை மாற்றிப் பார்த்துவிட்டேன். கைபேசிக் கேமராவின் முன் பிடித்தால் ரிமோட்டின் முனையில் ஊதா ஒளி மின்னுவதும் தெரிகிறது. இதையே சரிசெய்ய முடியுமா, அல்லது பொத்தான் அமைப்பு நன்றாக உள்ள வேறொன்றை வாங்க வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாலிடர்மணம்:

வணக்கம் அம்மா. ரிமோட்டில் பழுது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதலில் ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள்: "டிவி பார்" பொத்தானை அழுத்தியபின் அப்பா ரிமோட்டை எவ்வளவு நேரம் டிவியை நோக்கிப் பிடித்திருக்கிறார்? அந்த ஒரு பொத்தானுக்குப் பின்னால் டிவியை இயக்கு, ரிசீவரை இயக்கு, பெட்டியை இயக்கு, இன்புட்டை மாற்று என்று பல கட்டளைகள் வரிசையில் நிற்கின்றன. கருவிகள் எழுந்திருக்க அவகாசம் வேண்டும் என்பதால் இடையிடையே ரிமோட் காத்திருக்கிறது. இன்ஃப்ராரெட் என்பது ஒளி. கருவியின் முகப்பில் பட்டால்தான் உண்டு, படாவிட்டால் இல்லை. வரிசை முடிவதற்குள் கை தாழ்ந்துவிட்டால் மீதிக் கட்டளைகள் தரையைப் பார்த்துப் போய்விடும்.

காவிரிக்கரை:

ஐயா, இன்று மாலை அவருக்குத் தெரியாமல் பக்கத்திலிருந்து கவனித்தேன். பொத்தானை அழுத்துகிறார், டிவியின் "டிக்" ஒலி கேட்டதும் ரிமோட்டை மடியில் கவிழ்த்து வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொள்கிறார். கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில், முழு வரிசையும் முடிய ஏழு விநாடி ஆகிறது. நான் சோதிக்கும்போதெல்லாம் ரிமோட்டை நீட்டியபடியே நின்றிருக்கிறேன். அதனால்தான் எனக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை.

சாலிடர்மணம்:

அதுதான் காரணம். ஏழு விநாடி கையை நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒருவரிடம், அதுவும் 74 வயதானவரிடம், கேட்பது சரியன்று. வரிசையைத்தான் சுருக்க வேண்டும்.

டிவியும் ரிசீவரும் ஏஆர்சி வழியே இணைந்திருப்பதால் ஹெச்டிஎம்ஐ சிஇசி வசதியை (அதே கம்பி வழியே ஒரு கருவி மற்றொன்றுக்குக் கட்டளை அனுப்புவது) இரண்டிலும் இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் இதற்குத் தனிப்பெயர் சூட்டியிருப்பதால் பலர் அமைப்புப் பக்கத்தில் பார்த்தும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று இருக்கும். இது இயங்கினால் டிவி எழும்போது ரிசீவரும் கூடவே எழும், அணையும்போது கூடவே அணையும். செட்டாப் பாக்ஸைப் பகல் முழுவதும் எரியவிட்டு, வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். சிறிது மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் குழப்பத்தின் வேர் அறுந்துவிடும். இனி அந்தப் பொத்தான் அனுப்ப வேண்டியது ஒரே ஒரு கட்டளைதான்.

இரண்டாம் அழுத்தலில் டிவி அணைவதற்குக் காரணம், நீங்கள் பதிந்திருக்கும் பவர் குறியீடு மாறிமாறி வேலை செய்வது. எரிந்தால் அணைக்கும், அணைந்திருந்தால் எரியவைக்கும். பல டிவிகளும் ஏவி ரிசீவர்களும் "இயக்கு" என்பதற்கும் "அணை" என்பதற்கும் தனித்தனிக் குறியீடுகளையும் ஏற்றுக்கொள்ளும். கருவியுடன் வந்த ரிமோட்டில் அவற்றுக்குப் பெரும்பாலும் பொத்தான் இருக்காது. உங்கள் ரிமோட்டின் குறியீட்டுப் பட்டியலில் பவர் ஆன், பவர் ஆஃப் என்று தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் "டிவி பார்" பொத்தானில் ஆன் மட்டும் வையுங்கள். அதன்பின் அவர் பத்து முறை அழுத்தினாலும் டிவி அணையாது.

அலைவரிசை36:

112 என்பது 12 ஆவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இதே இடத்தில் நானும் பல இரவுகள் சிக்கிக்கிடந்தேன். பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி-5, ஆர்சி-6 ஆகிய ரிமோட் சமிக்ஞை முறைகளில் ஒவ்வொரு புதிய அழுத்தலுக்கும் ஒரு பிட் (0 அல்லது 1 என்னும் குறி) தலைகீழாக மாறும். அந்தப் பிட் மாறியிருந்தால் "மீண்டும் அழுத்தினார்" என்றும், மாறாமல் இருந்தால் "விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார்" என்றும் பெட்டி புரிந்துகொள்ளும். பழைய ரிமோட்டிலிருந்து கற்கவைக்கும்போது அந்த நொடியில் பிட் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துவிடுகிறது. அதன் பிறகு 1, 1 என்று இருமுறை அழுத்துவது பெட்டிக்கு ஒரே நீண்ட அழுத்தல்தான். 121இல் இடையே 2 வந்துவிடுவதால் தப்பித்துவிடுகிறது.

எண் பொத்தான்களைக் கற்கவைத்ததை அழித்துவிட்டு, உங்கள் பெட்டிக்கான குறியீட்டைப் பட்டியலிலிருந்து ஏற்றிப் பாருங்கள். அப்போது ரிமோட்டே அந்தப் பிட்டை முறையாக மாற்றி அனுப்பும். பட்டியலில் உங்கள் பெட்டியின் மாதிரி இல்லையென்றாலும், அதே நிறுவனத்தின் பழைய மாதிரிகளின் குறியீடுகளை ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்று பொருந்திவிடும்.

கட்டைவிரல்:

உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு, அதாவது பொத்தான்கள் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். என் அம்மாவுக்காக நான்கு ரிமோட்டுகளை மாற்றிப் பார்த்தவன் என்பதால் இது எனக்கு நெருக்கமான விஷயம்.

நல்ல ரிமோட்டை விளக்கை அணைத்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் ரிமோட்டைச் சுட்டுவிரலின் மேல் குறுக்காக வைத்து, அது எங்கே சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். கை இயல்பாகப் பிடிப்பது அந்த இடத்தைத்தான். அம்புக்குறி வளையம் அதற்கு நேர் மேலே இருந்தால் கட்டைவிரல் தானாகவே அதில் போய் உட்காரும். ஒலி, சேனல், பேக் மூன்றும் அங்கிருந்து விரல் நீளும் தூரத்துக்குள் கிடைத்துவிடும். பேட்டரி அடிப்பக்கம் கனமாக இருந்து, வளையம் மேல்முனைக்கு அருகில் இருந்தால், ஒவ்வொரு முறையும் பிடியை நகர்த்தியே ஆக வேண்டும். கண் தெரிந்தவருக்கு அது ஒரு சிறு சிரமம். தடவி அறிபவருக்கோ பிடி நகர்ந்தால் இருந்த இடமே தொலைந்துவிடும்.

அடுத்தது உருவம். 49 பொத்தான்கள் இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; அவை அரிசியைப் பரப்பியதுபோல ஒரே அளவில் இருப்பதுதான் கேடு. ஒலிக்கும் சேனலுக்கும் மேலும் கீழும் அசையும் நீளப்பட்டைகள், நடுவே பள்ளமான ஓகே, தனியே ஒதுங்கி மேல்முனையில் பவர், கீழே எண்கள், 5இன் மேல் ஒரு சிறு மேடு என்று இருந்தால் விரல் ஒவ்வொன்றையும் ஆளைப் பெயர் சொல்லி அழைப்பதுபோல் அடையாளம் கண்டுகொள்ளும். ஜெனித் நிறுவனம் 1956இல் கொண்டுவந்த ஸ்பேஸ் கமாண்ட் ரிமோட்டில் பேட்டரியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும், அதிலிருந்து எழும் மீயொலியை டிவி கேட்டுக்கொள்ளும். சேனலை ஏற்ற, இறக்க, ஒலியை நிறுத்த, டிவியை இயக்க என்று நான்கே வேலைகளை அது செய்தது. உங்கள் அப்பாவின் மாலைப் பொழுதுக்கு அந்த நான்குடன் அம்புக்குறிகளும் ஓகேயும் பேக்கும் சேர்ந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

ஆகவே புதிதாக வாங்குவதற்கு முன் இருப்பதைக் குறைத்துப் பாருங்கள். இன்புட் பொத்தானில் எந்தக் கட்டளையும் இல்லாமல் வெறுமையாக விட்டுவிடுங்கள். அல்லது அதிலும் பேக் கட்டளையையே பதிந்துவிடுங்கள். பிந்தையதே நல்லது, ஏனெனில் விரல் மேலே விழுந்தாலும் கீழே விழுந்தாலும் அவர் நினைத்ததே நடக்கும். வண்ணப் பொத்தான்கள், பட அளவு, தூங்கு நேரம் அனைத்தையும் அழித்துவிடுங்கள். எந்தக் கருவியில் இருந்தாலும் ஒலியை ஏற்றி இறக்கும் பொத்தான் ரிசீவரின் ஒலியை மட்டுமே மாற்றும்படி பூட்டிவிடுங்கள்; டிவிக்கு ஒரு ஒலி, பெட்டிக்கு ஒரு ஒலி என்று இருந்தால் முடிவே இராது.

பிறகு ஹார்டுவேர் கடையில், அலமாரிக் கதவு சத்தமில்லாமல் மூடுவதற்காக ஒட்டும் சிலிகான் பொட்டு கிடைக்கும். மிகச் சிறியதாக வாங்கி ஒலி ஏற்றும் முனையில் ஒன்றும் பேக்கின் மேல் ஒன்றும் ஒட்டுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றிலும் மேடு இருந்தால் எதிலும் இல்லாததற்குச் சமம்.

மாடிவீட்டுத் திரை:

இவ்வளவு சிரமப்படுவதற்குத் தொடுதிரை உள்ள ரிமோட்டையோ, கைபேசிச் செயலியையோ கொடுத்துவிடலாமே. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வேண்டாத பொத்தான்களை மறைத்தும்விடலாம்.

கட்டைவிரல்:

மன்னிக்கவும், இதில் மாறுபடுகிறேன். கண்ணாடியில் விரல் வைத்தால் எங்கும் ஒரே வழவழப்பு. அதைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும். பார்வையின் ஓரம் போனவர் டிவியிலிருந்து கண்ணை எடுத்துக் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு மீண்டும் திரையைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். சிறு திரை வைத்த ரிமோட்டுகளிலும் இதே தொல்லைதான். லாஜிடெக் ஹார்மனியில் கருவி ஒன்று எழாமல் போனால் உதவிப் பொத்தானை அழுத்தித் திரையில் தோன்றும் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். கருவி வாரியாக அல்லாமல் "படம் பார்", "பாட்டுக் கேள்" என்று செயல் வாரியாக ரிமோட்டை அமைத்த பெருமை ஹார்மனிக்கு உண்டு. என் அம்மாவுக்கோ அந்தக் கேள்விகளே பெரும் சுவராக நின்றன. அதன் தயாரிப்பை நிறுத்துவதாக லாஜிடெக் 2021 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. பழையது கிடைத்தாலும் அமைப்பை மாற்ற அந்நிறுவனத்தின் சேவையகத்தையே நம்பியிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சாலிடர்மணம்:

ஸ்டிக்கைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. ஃபயர் டிவி ஸ்டிக் போன்றவற்றில் இன்ஃப்ராரெட் ஏற்பியே கிடையாது. அவை புளூடூத் வழியேதான் கேட்கும். சிஇசி இயங்கினால் டிவி ரிமோட்டின் அம்புக்குறிகளையும் ஓகேயையும் டிவியே ஹெச்டிஎம்ஐ கம்பி வழியே ஸ்டிக்குக்குக் கடத்திவிடும். எனவே ஸ்டிக்கைத் தனிக் கருவியாகச் சேர்க்காமல், டிவியின் அம்புக்குறிக் குறியீடுகளையே அந்த இடத்தில் பதிந்து பாருங்கள். இதுவும் நடக்காவிட்டால், சோஃபாபேட்டன் எக்ஸ்1எஸ் போல, அலமாரியில் ஒரு மையப்பெட்டி வைத்து அதிலிருந்தே இன்ஃப்ராரெட்டும் புளூடூத்தும் அனுப்பும் வகைக்குப் போகலாம். அதன் ரிமோட்டை மடியில் கவிழ்த்து வைத்தாலும் கட்டளை போய்ச் சேரும். விலை அதிகம் என்பதால் கடைசி வழியாகவே சொல்கிறேன்.

காவிரிக்கரை:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். டிவியில் சிஇசி அணைந்தே இருந்தது. இயக்கியதும் ரிசீவர் தானாக எழுகிறது. டிவிக்குத் தனியான பவர் ஆன் குறியீடு பட்டியலில் இருந்தது. "டிவி பார்" இப்போது ஒரே கட்டளை; மடியில் வைத்தாலும் தவறுவதில்லை. செட்டாப் பாக்ஸுக்கு நான்காவதாக முயன்ற குறியீடு பொருந்தியது, 112 சரியாக வருகிறது. இன்புட் பொத்தானிலும் பேக்கையே பதிந்துவிட்டேன். திரை கறுத்துப்போய் அவர் என்னை அழைத்தது இந்த வாரத்தில் ஒருமுறைகூட இல்லை. ஸ்டிக்கில் அம்புக்குறிகளும் ஓகேயும் வேலை செய்கின்றன. முகப்புப் பக்கத்துக்குப் போகும் பொத்தான் மட்டும் டிவியின் முகப்புக்கே போகிறது. அதற்குமட்டும் ஸ்டிக்கின் சிறிய ரிமோட்டைச் சாய்வு நாற்காலியின் கையில் ஒரு துணிப்பையில் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஒலி ஏற்றும் முனையில் ஒட்டிய பொட்டு சற்றுப் பெரிது. அதன் ஓரம் பக்கத்திலிருந்த மியூட் பொத்தானையும் சேர்த்து அழுத்தியது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் நடக்கையில் ஒலி நின்றுவிட, மிருதங்கம் வாசிப்பவர் நிறுத்திவிட்டார் என்று அப்பா நினைத்திருக்கிறார். பொட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நகப்பூச்சை மூன்று முறை சொட்டாக வைத்து உலரவிட்டேன். சிறிய, உறுதியான மேடாக நிற்கிறது. நேற்று முழுக் கச்சேரியையும் விளக்கு அணைந்த கூடத்தில் அமர்ந்து கேட்டார். இடையில் மூன்று முறை ஒலியைத் தானே ஏற்றி இறக்கிக்கொண்டார்.