புதுப்பிப்பு: நாலு பேர் சேர்ந்து ரேஸ் குதிரை வாங்கினால்

கூட்டுக் குதிரைக்கு ஒப்பந்தம் எழுதுவது பற்றி முன்னே போட்ட பதிவுக்கு ராயபுரம், தண்டையார்பேட்டை அண்ணன்மார் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: ஓடாத மாசமும் பணம் கட்டணுமா?

கட்டணும். தீனி, சைஸ் (குதிரையைப் பராமரிக்கிறவர்) சம்பளம், லாடம், டாக்டர் எதுவும் நிக்காது. கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்துக் குத்தகையை அரசு 2024ல ரத்து பண்ணிடுச்சு, அதனால குதிரை எந்த ஊர் லாயத்துல நிக்கும், போக்குவரத்துச் செலவு யார் தலையிலன்னும் ஒப்பந்தத்துல எழுதிடுங்க.

பெரிய செலவு முன்னங்கால்லதான். முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாரை விரலால தடவிப் பாருங்க. ஒரு கால் மட்டும் சூடா, வில்லு மாதிரி புடைச்சிருந்தா உடனே ஸ்கேன். கிழிசல்னு தெரிஞ்சா 9 மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரை ஓய்வு. குளம்பு நீண்டாலும் அந்த நாருக்கு இழுவை கூடும், 4 முதல் 6 வாரத்துல லாடம் மாத்தணும்.

பங்காளி நைசா கழண்டுக்கிறதும் அந்த ஓய்வு காலத்துலதான். மூணு மாசச் செலவை முன்கூட்டியே பொதுக் கணக்குல போட்டு வைங்க. விலகுறவர் பங்கை முதல்ல மத்த பங்காளிகளுக்கே தரணும். சமபங்குன்னா ஓட்டு 2-2 ஆகி நிக்கும்; முடிவு சொல்ல ஒருத்தரை வைங்க, டிரெய்னர்கிட்ட பேசவும் அவரே.

ஜெயிச்சா குதிரையைக் கடிவாளம் பிடிச்சு கூட்டிட்டு வர்ற சந்தோஷத்துக்கும் முறை வைங்க. சிரிக்காதீங்க, அதுக்கும் சண்டை வரும்.